நவுனிலிருந்து புறப்படும் வண்டி

மாசானத்துக்கு இங்கிலீஷ் கிராமர் முழுக்கத் தெரியும். சத்தியமாகத் தெரியும். நவுனில் வாயைத் திறந்தாரென்றால் ஆக்ஸிமோரானில் போய்த்தான் மூச்சு விடுவார். நடுவில் வெர்ப் வரும், அட்வெர்ப் வரும், ஃபுல் ஸ்டாப்பும் கமாவும் வரும், சிமிலி, மெட்டஃபர் எல்லாம் வரிசை கட்டி வந்து போகும். ஒன்றுகூட விட்டுப்போகாது. கேட்கிறவனுக்குத்தான் தலை சுற்றும்.

ஒரே ஒரு கோளாறு. நடுவில் யாராவது இருமிவிட்டால் போச்சு. மறுபடி நவுனுக்குப் போயாக வேண்டும்.

இந்தக் கோளாறில்தான் மனுஷன் பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் இரண்டு தடவை மண்ணைக் கவ்வினார். கணக்கு, அறிவியல் எல்லாம் பாஸ். இங்கிலீஷ் மட்டும் காலை வாரிவிட்டது. கேள்வித்தாளில் மெட்டஃபர் என்றால் என்ன என்று கேட்டிருப்பார்கள். மாசானம் கண்ணை மூடி, உதட்டுக்குள் "நவுன் இஸ் தி நேம் ஆஃப் எ பெர்சன்" என்று தொடங்கி, முக்கி முனகி மெட்டஃபருக்கு வந்து சேர்ந்து எழுதுவார். அடுத்த கேள்வி கமா. மறுபடி நவுன். அதற்குள் மேற்பார்வைக்கு வந்த சார் மேஜையைத் தட்டி, "என்னய்யா மந்திரம் ஓதுறே?" என்பார். ஓதியது அவ்வளவும் காற்றோடு போய்விடும். மணி அடிக்கும்போது தாள் பாதிக்கு மேல் வெள்ளையாகக் கிடக்கும்.

மாசானத்துக்கு வயது முப்பத்தெட்டு. ஆலங்குளத்திலிருந்து அணைக்கட்டு வரை போகிற தனியார் வண்டியில், பின்வாசலில் தொங்கி விசில் அடிக்கிற வேலை. பஸ் முதலாளி சொரிமுத்து இன்னொரு வண்டி வாங்கியிருந்தார். "லைசென்ஸ் எடுத்துட்டு வால. புது வண்டிப் பை உனக்குத்தான். ஆனா இந்தப் பரீட்சைதான் கடைசி. இதுலயும் போச்சுன்னா வெளியாளப் போட்டுருவேன்" என்று சொல்லிவிட்டார். கண்டக்டர் லைசென்ஸுக்குப் பத்தாம் வகுப்பு பாஸாகியிருக்க வேண்டும். தோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டிக்குள் நடக்க வேண்டும் என்பது மாசானத்துக்குப் பல வருஷத்து ஆசை. வெளியாள் ஒருத்தன் அந்தப் பையோடு தன் முன்னால் நடப்பதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

ஞானம் கிடைக்க மலையும் குகையும் தாடியும் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தடவை வந்து பார்க்கலாம். பேட்டரிக் கடை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, மத்தியான வெயிலில் வெந்துகொண்டு ஜெபக்கனி டீச்சர் பாடம் எடுப்பார். அவருக்கு இருபத்தாறு வயது. படிக்க வருகிறவர்கள் எல்லோரும் அவரைவிட மூத்தவர்கள், ஏதோ ஒரு வேலையில் இருப்பவர்கள், என்றோ கோட்டை விட்ட பரீட்சையைத் திரும்ப எழுதுகிறவர்கள். டீச்சர் அதிகம் பேசமாட்டார். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புதான் பிரம்படியைவிட மோசம்.

பரீட்சை திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ரிவிஷன்.

"அண்ணாச்சி, ஆக்ஸிமோரான்னா என்ன?"

மாசானம் எழுந்தார். கண்ணை மூடினார். "நவுன் இஸ் தி நேம் ஆஃப் எ பெர்சன், ப்ளேஸ் ஆர் திங்."

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"நான் நவுன் கேக்கலயே."

"வரும் டீச்சர். வந்துக்கிட்டே இருக்கு. ப்ரொநவுன் இஸ் எ வேர்ட்..."

கமா வரை வந்தபோது டீச்சர் கையைத் தட்டினார். மாசானம் நின்றார். விழித்தார். எங்கே விட்டோம் என்று தெரியவில்லை. மறுபடி நவுன். இந்தத் தடவை வெர்பிலேயே டீச்சர் கையைத் தட்டினார். மறுபடி நவுன்.

"போதும். உக்காருங்க."

மாசானம் உட்காரவில்லை. முகம் கறுத்துவிட்டது.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"எனக்கு மட்டும் ஏன் நடுவுல இருந்து வர மாட்டேங்கு?"

டீச்சர் புத்தகத்தை மூடி வைத்தார்.

"சின்னப் பிள்ளையிலயே ஒழுங்காப் படிச்சிருந்தா வந்துருக்கும். ஆரம்பத்துலயே கோட்டை விட்டுட்டேன். இப்பப் பாதி வயசு போனப்பறம் வந்து உக்காந்துருக்கேன். நடுவுல வந்தவனுக்குப் படிப்பு ஏறுமா டீச்சர்? இல்லன்னா இல்லன்னு சொல்லிருங்க. நான் பின்வாசல்லயே நின்னுட்டுப் போறேன்."

சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. யாரும் இப்போது சிரிக்கவில்லை.

ஜெபக்கனி டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"உங்க வண்டி நாளைக்குக் காலையில மாதாகோயில் விலக்குக்கு எப்ப வரும்?"

"எட்டரை வாக்குல வரும் டீச்சர். எதுக்கு?"

"சும்மாதான்."

அவ்வளவுதான் பதில். மாசானத்துக்கு உள்ளுக்குள் எரிந்தது. மனுஷன் வாழ்க்கையே கேள்வியாக நிற்கிறது, இவர் பஸ் டைம் கேட்கிறார். இவரெல்லாம் ஒரு வாத்தியாரா என்று திட்டிக்கொண்டே படி இறங்கினார்.

சனிக்கிழமை காலை மாதாகோயில் விலக்கில் டீச்சர் குடையோடு நின்றார். ஆலங்குளத்துக்கும் அணைக்கட்டுக்கும் சரிபாதியில் இருக்கிற ஸ்டாப் அது. அவர் வீடு அங்கேதான். வண்டி நின்றது. பின்வாசலில் ஏறினார்.

"வாங்க டீச்சர். எங்க போகணும்?"

"பழைய புதூர்."

"அடுத்த ஸ்டாப்புதான். உள்ள போய் உக்காருங்க." மாசானம் விசிலை வாயில் வைத்தார்.

"அடிக்காதீங்க. வண்டியத் திருப்பச் சொல்லுங்க."

"எங்கன?"

"பஸ் ஸ்டாண்டுக்கு. முதல்ல இருந்து வந்தாத்தானே பழைய புதூர் வரும்?"

மாசானம் சிரித்தார். டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே நின்றார். முகத்தில் விளையாட்டே இல்லை. மாசானத்தின் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

"டீச்சர், வெளையாடாதீங்க. வண்டி நிறைய ஆளு இருக்கு."

"நான் இங்கனதானே ஏறியிருக்கேன். நடுவுல ஏறுனவ எப்படிப் பழைய புதூருக்குப் போக முடியும்? திருப்பச் சொல்லுங்க."

முன்னால் டிரைவர் அய்யாத்துரை ஹாரனை அழுத்தினார். "யோவ் மாசானம், என்னய்யா அங்க?"

பால் கேனோடு உட்கார்ந்திருந்தவர் கத்தினார். "எம்மா, பால் திரிஞ்சு போயிரும். ஏறுதியா இறங்குதியா?"

"டீச்சருக்கு வெயில் ஒத்துக்கிடலையோ என்னமோ" என்றாள் ஜன்னலோரம் இருந்த ஒருத்தி.

"வண்டியத் திருப்புங்க" என்றார் டீச்சர்.

மாசானத்துக்குப் பொறுமை போய்விட்டது. டீச்சர் என்கிற மரியாதையும் கொஞ்சம் நழுவிவிட்டது.

"என்ன பேச்சு பேசுதீங்க டீச்சர்! பழைய புதூர் அது பாட்டுக்கு அங்கன இருக்கு! பஸ் ஸ்டாண்டுல ஏறுனாலும் அங்கனதான் இருக்கு, இங்கன ஏறுனாலும் அங்கனதான் இருக்கு! உங்களுக்காக அது ஓடியா போயிரும்?"

டீச்சர் கம்பியை விட்டார்.

"அப்படியா?" என்றார் டீச்சர். "சரி. விசில் அடிங்க."

உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். பழைய புதூர் வந்ததும் இறங்கினார். திரும்பிப் பார்க்காமல் ரோட்டைத் தாண்டி, எதிர்ப்பக்கம் போகிற வண்டிக்காகக் குடையை விரித்து நின்றுவிட்டார். பழைய புதூரில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை என்பது மாசானத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று முழுக்க அவர் ஒழுங்காக விசில் அடிக்கவில்லை. ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு ஒன்று. அய்யாத்துரை வாயில் வந்தபடி ஏசினார். ரைஸ்மில் ஸ்டாப்பில் மாசானம் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே "மெட்டஃபர்" என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. தொண்டையில் நவுன்தான் வந்து நின்றது. விழுங்கினார். மறுபடி வந்தது. இந்த நவுனுக்குக் கொள்ளை வர.

சாயங்கால டிரிப்பில், அதே ரைஸ்மில் ஸ்டாப்பில், உமிமூட்டையோடு ஒரு அம்மா மூச்சு வாங்க ஏறினாள். வண்டி அரை மணி தாமதம்.

"ஏ அய்யாத்துரை! இது வண்டியால? கிழட்டு எருமை!"

அய்யாத்துரைக்கு வண்டியைச் சொன்னால் பொறுக்காது. "எருமை மாதிரின்னாவது சொல்லுக்கா! வண்டியையே எருமைன்னா எப்படி?"

மாசானத்துக்குப் பொறி தட்டியது. மாதிரி போட்டால் சிமிலி. மாதிரியைத் தூக்கிவிட்டு அதுவே எருமை என்று அடித்தால் மெட்டஃபர். நவுன் வரவில்லை. வெர்ப் வரவில்லை. ஒருத்தரும் கூட வரவில்லை. மெட்டஃபர் அது பாட்டுக்கு ரைஸ்மில் ஸ்டாப்பில் உமிமூட்டையோடு ஏறி நிற்கிறது!

"அக்கா!" என்று கத்தினார். "நீங்க நல்லா இருக்கணும்! நூறு வயசு இருக்கணும்!"

அந்த அம்மா பயந்துபோய் முன்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு மனுஷனைப் பிடிக்க முடியவில்லை. கோழிப்பண்ணை ஸ்டாப்பில் வண்டி முழுசாக நிற்காது. கொஞ்சம் மெதுவாகும், ஆள் குதித்துக்கொள்ள வேண்டும். அங்கே கமாவை வைத்தார். அணைக்கட்டோடு ரோடு முடிகிறது, ஃபுல் ஸ்டாப். நாலுமுக்கில் ஏறுகிற ஒவ்வொருத்தரும் "இது அணைக்கட்டு போகுமா?" என்று கேட்காமல் ஏறியதே இல்லை, அங்கே கொஸ்டின் மார்க். ஸ்கூல் வேகத்தடையில் வண்டியே "அய்யோ" என்று அலறும், அங்கே இன்டர்ஜெக்ஷன். நவுனை மட்டும் பஸ் ஸ்டாண்டில் வைக்கவில்லை. கடைசிக்கு முந்தின ஸ்டாப்பில் கொண்டுபோய்த் தள்ளினார். இத்தனை நாள் என்னை என்ன பாடு படுத்தினாய், கிட அங்கே.

ஞாயிற்றுக்கிழமை காலை டிரிப்பில் வாய் தவறிக் கத்திவிட்டார். "மெட்டஃபர் எல்லாம் இறங்கு!"

பின் சீட்டில் இருந்த ஒரு பெண் திருதிருவென்று விழித்தாள். "மெட்டஃபரா? அது எங்கன இருக்கு? நான் ரைஸ்மில்லுலல்லா இறங்கணும்."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. இறங்குங்க."

பழைய புதூர் போர்டு கண்ணில் பட்டபோது மாசானம் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். பழைய. புதூர். எதிரும் புதிருமான இரண்டு சொல் பக்கத்தில் பக்கத்தில் சண்டை போடாமல் நிற்கின்றன. இத்தனை வருஷமாக அந்தப் பெயரைக் கத்திக் கத்தித் தொண்டை காய்ந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை டீச்சர் கேட்ட ஆக்ஸிமோரான் இந்த வெயிலில் போர்டு வைத்து நின்றுகொண்டிருந்திருக்கிறது. பாவி மகள், வேண்டுமென்றேதான் இங்கே வந்து இறங்கினாளா! மாசானத்துக்கு அங்கேயே இறங்கி அந்தப் போர்டைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்று மத்தியானம் இரண்டு இரண்டு படியாகத் தாவி மாடி ஏறினார்.

"கேளுங்க டீச்சர்! எங்கன வேணும்னாலும் கேளுங்க!"

ஜெபக்கனி டீச்சர் அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"வேண்டாம் அண்ணாச்சி. நாளைக்கு அவங்க கேப்பாங்க."

திங்கட்கிழமை. அதே பள்ளிக்கூடம், அதே மேற்பார்வை சார். கேள்வித்தாள் கைக்கு வந்ததும் பழைய வியாதி தலை தூக்கியது. உதடு தானாகக் குவிந்தது. நவுன் தொண்டைக்குழியில் வந்து உட்கார்ந்துகொண்டது. சார் வேறு அவர் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். மந்திரக்காரன் வந்துவிட்டான் என்று நினைத்திருப்பார்.

மாசானம் கண்ணை மூடவில்லை. கேள்வித்தாளைப் புரட்டினார். கடைசிப் பக்கத்துக்குப் போனார். கடைசிக் கேள்வியில் பேனாவை வைத்தார்.

எழுதினார். அப்புறம் நடுப்பக்கம். அங்கே கமா கேட்டிருந்தார்கள். கோழிப்பண்ணையில் குதிக்கிற ஆட்கள் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். எழுதினார். மெட்டஃபருக்கு உமிமூட்டை வந்தது. சிமிலிக்கு அய்யாத்துரை வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார். மாசானத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சார் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். உதடு அசையவில்லை, பேனாதான் அசைந்தது. அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

முதல் பக்கத்துக்கு அவர் வந்து சேர்ந்தது கடைசியில்தான். முதல் கேள்வி நவுன். மாசானம் அதைப் பார்த்து, "நீ இங்கனயா கிடக்கே?" என்று மனசுக்குள் கேட்டுவிட்டு எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடி வைத்த பிறகும் மணி அடிக்க நேரம் இருந்தது.

ரிசல்ட் வந்த அன்று வண்டி அணைக்கட்டில் நின்றிருந்தது. அய்யாத்துரைதான் செல்போனில் பார்த்தார். நம்பரைத் தட்டிவிட்டு, திரையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், எட்டக் கொண்டுபோய், மறுபடி கிட்டே கொண்டுவந்தார்.

"என்னய்யா ஆச்சு? சொல்லித் தொலையும்!"

"இங்கிலீஷு அறுபத்தொண்ணு."

"யாருக்கு?"

"உன் தாத்தனுக்கு! உனக்குத்தான்ல!"

அய்யாத்துரை வண்டியில் ஏறி ஹாரனில் கையை வைத்தவர்தான், ஆலங்குளம் வரைக்கும் எடுக்கவில்லை. ரோட்டோரத்தில் நின்ற மாடெல்லாம் மிரண்டு வயலில் இறங்கியது. என்ன ஏது என்று கேட்ட ஒவ்வொரு ஸ்டாப்பிலும் "மாசானம் பாஸ்!" என்று கத்தினார். பாஸான ஆள் பின்வாசல் கம்பியைக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டு வந்தார். ரைஸ்மில் அம்மா அவர் கையைப் பிடித்து, "அழாதல, நான் அன்னைக்கே நெனச்சேன்" என்றாள். என்ன நினைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

லைசென்ஸும் வந்தது. புது வண்டியும் வந்தது. கிளம்புகிற நாளில் பஸ் ஸ்டாண்டே திரண்டுவிட்டது. வண்டிக்கு மாலை, டயருக்கு எலுமிச்சம்பழம், தட்டில் சூடம். சொரிமுத்து முதலாளி தன் கையால் தோல் பையை எடுத்து மாசானத்தின் தோளில் மாட்டினார். பையின் வார் தோளில் அழுந்தியபோது மாசானம் அதைக் கையால் தடவிப் பார்த்தார்.

"முதல் டிக்கெட்டக் கிழில. நல்ல நேரம் போவுது."

"கொஞ்சம் பொறுங்க முதலாளி. டீச்சர் வாறாங்க. முதல் டிக்கெட்டு அவங்களுக்குத்தான். நேத்தே சொல்லிட்டேன். வாறேன்னு சொன்னாங்க."

பொறுத்தார்கள். சூடம் எரிந்து அணைந்தது. டீச்சர் வரவில்லை. மாசானம் பேட்டரிக் கடை மாடியை எட்டிப் பார்த்தார். கதவு பூட்டியிருந்தது.

"நேரம் போச்சுன்னா போச்சுதான்" என்று முதலாளி தானே கையை நீட்டினார். முதல் டிக்கெட் முதலாளிக்குப் போனது. அய்யாத்துரையே புது வண்டிக்கும் டிரைவர். வேட்டுச் சத்தத்தோடு வண்டி கிளம்பியது. வண்டி நிறையக் கூட்டம், நிறையச் சிரிப்பு. மாசானம் பையோடு நடுவில் நடந்தார். ஆசைப்பட்ட நடைதான். ஆனாலும் மனசின் ஒரு மூலையில் முள் குத்திக்கொண்டே இருந்தது. வாறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போய்விட்டாரே.

மாதாகோயில் விலக்கு வந்தது.

குடையைப் பிடித்துக்கொண்டு ஜெபக்கனி டீச்சர் நின்றுகொண்டிருந்தார்.

மாசானம் விசில் அடித்த அடியில் அய்யாத்துரை பிரேக்கை மிதித்தார். வண்டி குலுங்கி நின்றது. டீச்சர் நிதானமாகக் குடையை மடக்கிக்கொண்டு ஏறினார். மாசானத்துக்குச் சந்தோஷமும் கோபமும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தது.

"என்ன டீச்சர் இப்படிப் பண்ணிட்டீங்க! பஸ் ஸ்டாண்டுல அம்புட்டுப் பேரும் காத்துக் கெடந்தோம். சூடம் காட்டியாச்சு, வேட்டுப் போட்டாச்சு, முதல் டிக்கெட்டும் போயிட்டு. ஆரம்பத்தையே விட்டுட்டீங்களே டீச்சர்!"

டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். மாசானத்தின் தோளில் கிடந்த தோல் பையை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். கையை நீட்டினார்.

"ஒரு டிக்கெட் குடுங்க, அண்ணாச்சி. மாதாகோயில் விலக்குல இருந்து."